கட்டிலிலிருந்து தொடங்கிய நேரலை

தேவாலயங்களுக்குள் கேமரா வந்துவிட்டது. எதை முதலில் வாங்குவது, எதைக் கடைசியில் வாங்குவது, எதைக் காட்டாமல் விடுவது?

பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் கட்டிலுக்கும் ஆலயத்துக்கும் நடுவே ஒரு தெருவும் ஒரு வேப்பமரமும்தான். அந்தத் தூரத்தை இனி அவரால் நடக்க முடியாது. எங்கள் சபை நேரலை தொடங்கிய முதல் ஞாயிறு, தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பில் செல்போனைச் சாய்த்து வைத்தேன். ஆல்டர் தெரிந்தது. வெள்ளை அங்கியில் குருவானவர் தெரிந்தார். பெரியம்மா ஐந்து நிமிடம் பார்த்தார்.

"ஏல, படம் கெடக்கட்டும். ஐயரு என்ன சொல்லுதாருன்னு ஒண்ணும் வெளங்கல. ஒரே காத்து இரைச்சலா இருக்கு. அமத்திரு."

அமர்த்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த பாட்டைத் தானே மெல்லப் பாடத் தொடங்கினார்.

அந்த இரைச்சல், ஆல்டருக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த பெடஸ்டல் ஃபேன். சபையார் கொடுத்த காணிக்கையில் பெரும்பகுதியைக் கேமராவில் போட்டுவிட்டு, ஒலிக்கு அந்தக் கேமராவோடு வந்த சிறு மைக்கையே நம்பியிருந்தோம். கமிட்டியில் நானும் ஒருவன். நாங்கள் கடையிலிருந்து தொடங்கியிருந்தோம். கட்டிலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

2020 மார்ச் 25-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 12 ஈஸ்டர் ஆராதனை, பூட்டிய ஆலயங்களில் ஒரு செல்போனின் முன் நடந்தது. அவசரத்துக்கு வந்த அந்த ஏற்பாடு இன்று பல சபைகளில் நிரந்தரமாகிக்கொண்டிருக்கிறது. லட்சங்கள் செலவாகின்றன. பழைய சுவர்களில் துளை விழுகிறது. அதனால்தான் இதைத் திட்டமிட்டுச் செய்வது பற்றி இப்போது பேச வேண்டியிருக்கிறது.

பாடகர் அங்கி அணிந்த பொறியாளர்கள்

ஆராதனையை ஆலயத்துக்கு வெளியே அனுப்பும் முயற்சிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1921 ஜனவரி 2 அன்று, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கால்வரி எபிஸ்கோப்பல் ஆலயத்தின் ஆராதனையை கே.டி.கே.ஏ. வானொலி ஒலிபரப்பியது. அன்று கருவிகளோடு உள்ளே இருந்த பொறியாளர்கள், பாடகர் குழுவின் அங்கியை அணிந்துகொண்டு வேலை செய்தார்கள். வணங்க வந்தவர்களின் கண் தங்கள் மேல் போய்விடக் கூடாது என்பதற்காக.

1953 ஜூன் 2 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இரண்டாம் எலிசபெத்துக்கு முடிசூட்டு விழா நடந்தது. தொலைக்காட்சிக் கேமராக்கள் உள்ளே விடப்பட்டன. ஆனால் அரசிக்குத் தைலம் பூசும் சடங்கு மட்டும் திரையில் வரவில்லை. விழாவின் மிகப் புனிதமான நேரம் அது என்பதால் அதை மறைத்தே வைத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1958-ல் திருத்தந்தை 12-ஆம் பயஸ், அசிசி நகரின் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவருக்கும் தொலைக்காட்சிக்கும் என்ன தொடர்பு? நோயில் கிடந்த கிளாராவால் ஒரு கிறிஸ்துமஸ் இரவில் பூசைக்குப் போக முடியவில்லை. படுத்த இடத்திலேயே அந்தப் பூசையை அவர் கண்டார், கேட்டார் என்கிறது மரபு.

வணங்குபவரின் கண்ணை ஈர்க்காதே. எல்லாவற்றையும் காட்டாதே. படுத்துக் கிடப்பவரை நினை. எங்கள் கமிட்டி இரண்டாம் முறை கூடியபோது, விலைப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு இந்த மூன்றையும்தான் முதலில் எழுதிக்கொண்டோம்.

யாருக்காக இந்தப் படம்?

ஒரு சபையின் நேரலையைப் பார்ப்பவர்கள் நான்கு வகை. வீட்டில் படுத்திருப்பவர்கள் ஒரு வகை. துபாயிலும் பெங்களூருவிலும் இருந்து ஊர் ஆராதனையைத் தேடுபவர்கள் இரண்டாவது. பண்டிகை நாளில் இடமில்லாமல் வெளியே பந்தலில் உட்காருபவர்கள் மூன்றாவது. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, உள்ளே இருந்தும் எதையும் காணாதவர்கள் நான்காவது.

இவர்களுக்கு ஒரே வழியில் படம் போகாது. யூடியூப் வழியாகப் போகும் படம் பல விநாடிகள், சில வேளை அரை நிமிடம் தாமதமாகத்தான் வந்து சேரும். அதை அப்படியே பந்தல் திரையில் போட்டால், உள்ளே சபை "ஆமென்" சொல்லி முடித்த பிறகு பந்தலில் ஜெபம் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே பந்தலுக்கும் தூணுக்குப் பின்னால் வைக்கும் திரைக்கும், கேமராக்களை மாற்றிக் காட்டும் ஸ்விட்சரிலிருந்து நேராக ஒயர் இழுக்க வேண்டும். இணையம், தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். இதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்தால்தான் எத்தனை ஒயர், எந்த வழியாக என்பது தெளிவாகும்.

முதலில் காது

படம் கொஞ்சம் மங்கினாலும் ஆராதனையில் கலந்துகொள்ளலாம். ஒலி கெட்டால் முடியாது. செல்போனில் கேட்பவருக்கு மொத்தத் திருச்சபையும் அந்தச் சின்ன ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது.

ஆலயத்துக்குள் மிக்ஸரில் செய்யும் கலவை, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கானது. கீபோர்டும் டிரம்ஸும் கூடத்தில் தாமாகவே உரக்கக் கேட்கும். அதனால் மிக்ஸரில் அவற்றைக் குறைத்து, பிரசங்கியாரின் குரலைக் கூட்டி வைத்திருப்பார்கள். அதே கலவையை நேரலைக்கு அனுப்பினால் வீட்டில் கேட்பவருக்குக் குரல் மட்டும் வரும், இசை காணாமல் போகும். நேரலைக்கென்று தனிக் கலவை வேண்டும். இப்போதைய டிஜிட்டல் மிக்ஸர்களில் இதற்குத் தனி வெளியீடு உண்டு. ஒருவர் ஹெட்போன் போட்டுக்கொண்டு அதை மட்டும் கவனிக்க வேண்டும்.

நாங்கள் கடைசிவரை மறந்திருந்தது சபையின் குரலை. பாட்டு நேரத்தில் பாடகர் குழுவின் மைக்குகள் மட்டும் திறந்திருந்தால், நானூறு பேர் பாடும் ஆலயம் பத்துப் பேர் பாடும் ஸ்டுடியோவைப் போல ஒலிக்கும். கூடத்தின் நடுவில், உயரத்தில், சபையை நோக்கி இரண்டு மைக் தொங்கவிட வேண்டும். பாட்டிலும் பதில்மொழிகளிலும் அவற்றைத் திறக்க வேண்டும், பிரசங்கத்தில் இறக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய ஆலயத்தில் எதிரொலி அதிகம். பேசுபவரின் மைக் வாய்க்கு அருகே இருந்தால்தான் சொல் தெளியும். ஃபேன் காற்று படுகிற மைக்குக்கு நுரையுறை போட வேண்டும். ஃபேனையே கொஞ்சம் தள்ளி வைப்பது அதைவிட நல்லது.

உதடும் ஒலியும் பொருந்துவது அடுத்தது. கேமராவும் ஸ்விட்சரும் படத்தைக் கையாள நேரம் எடுத்துக்கொள்கின்றன. விநாடிக்கு 25 படம் என்றால் ஒரு படத்துக்கு 40 மில்லிவிநாடி. இரண்டு மூன்று படம் பிந்தினாலே 80 முதல் 120 மில்லிவிநாடி ஆகிவிடும். ஒலி முந்திக்கொண்டு வரும். மின்னலைக் கண்ட பிறகு இடியைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். ஒலி பிந்தினால் பொறுத்துக்கொள்ளும் மனம், உதடு அசையும் முன்பே சொல் வந்தால் உறுத்தலாக உணரும். கேமரா முன் ஒருவரைக் கைதட்டச் சொல்லிப் பதிவு செய்து பார்த்து, ஒலியை அந்த அளவுக்குத் தாமதப்படுத்த வேண்டும். பத்து நிமிட வேலை. பல சபைகளில் யாரும் இதைச் செய்வதில்லை.

முகத்துக்கு வெளிச்சம்

வெள்ளை அங்கி, அதற்கு மேல் நம் மண்ணின் கறுத்த முகம், பின்னால் காலை வெயில் புகும் கிழக்குச் சன்னல். கேமராவுக்கு இதைவிடக் கடினமான காட்சி கிடையாது. தானியங்கி முறையில் விட்டால் அது சன்னலையும் அங்கியையும் பார்த்துவிட்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும். குருவானவரின் முகம் நிழலாகிப்போகும். எங்கள் முதல் மாத நேரலை முழுவதும் அப்படித்தான் இருந்தது.

இதற்கு விலையுயர்ந்த கேமரா தீர்வாகாது. முகத்துக்கு முன்பக்கமிருந்து, 30 முதல் 45 பாகைக் கோணத்தில், பேசுபவரின் கண் கூசாத உயரத்தில் இரண்டு விளக்கு போதும். பக்கத்துக்கு ஒன்று. பிறகு கேமராவைக் கைமுறைக்கு மாற்றி, முகத்தை வைத்து வெளிச்சத்தைப் பூட்டிவிட வேண்டும். ஒரு பக்கம் டியூப்லைட், ஒரு பக்கம் மஞ்சள் பல்பு என்று கலந்திருந்தால் ஒரே முகத்தில் இரண்டு நிறம் விழும். எல்லா விளக்கும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். வாங்கும்போது நிறக் குறியீட்டெண் (சி.ஆர்.ஐ.) 90-க்கு மேல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மனிதத் தோலின் நிறம் அதில்தான் உயிரோடு தெரியும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. கேமராவின் ஷட்டர் 1/60 என்று இருந்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். 1/50 அல்லது 1/100 வைத்தால் நின்றுவிடும். கிறிஸ்துமஸ் காலத்தில் ஆல்டரைச் சுற்றிப் போடும் சீரியல் விளக்கை அணைந்து அணைந்து எரியவிடாமல் நிலையாக எரியவிட்டால் வீட்டில் பார்ப்பவரின் கண் தப்பிக்கும்.

கேமரா எங்கே நிற்கும்?

நடுத்தர ஆலயத்துக்கு மூன்று கேமரா போதும். ஒன்று பின்பக்க மாடத்தில், நடுப்பாதைக்கு நேராக. இரண்டாவது பக்கச் சுவரில், பிரசங்க பீடத்தைப் பார்த்து. மூன்றாவது முன்பக்க ஓரத்தில், சபையின் அகலக் காட்சிக்கு. நடுப்பாதையில் ஸ்டாண்டு போட்டு நிற்கும் கேமராவுக்கு நிரந்தர ஏற்பாட்டில் இடமே கொடுக்கக் கூடாது. திருவிருந்துக்கு நடந்து வரும் ஒரு பாட்டி, அந்த ஸ்டாண்டுக்கு ஒதுங்கி நடக்க வேண்டி வந்தால் நாம் தோற்றுவிட்டோம்.

சுவரில் பொருத்தி, ஜாய்ஸ்டிக்கால் திருப்பவும் நெருக்கவும் முடிகிற பி.டி.இசட். கேமராக்கள் இங்கே உதவுகின்றன. ஆனால் எத்தனை மடங்கு நெருக்கும் என்பதைக் கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பின் மாடத்திலிருந்து பிரசங்க பீடம் 25 மீட்டர். பேசுபவர் இடுப்புக்கு மேல் நன்றாகத் தெரிய, படத்தின் அகலம் ஏறக்குறைய 2.7 மீட்டர் இருக்க வேண்டும். இவ்வகைக் கேமராக்கள் பலவற்றில் உள்ள சென்சாரின் அகலம் சுமார் 5.4 மில்லிமீட்டர். 5.4-ஐ 25-ஆல் பெருக்கி 2.7-ஆல் வகுத்தால் 50. ஆக, லென்ஸ் 50 மில்லிமீட்டர் வரையாவது எட்ட வேண்டும். முகத்தை இன்னும் நெருங்க வேண்டுமானால் அதைப் போல இரண்டு மடங்கு. டிஜிட்டல் ஜூம் என்று எழுதியிருப்பதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது படத்தை இழுத்துப் பெரிதாக்குவது மட்டும்தான்.

துளை போடும் முன் ஒரு கேமராவை ஒரு ஞாயிறுக்கு வாடகைக்கு எடுத்து, ஒவ்வோர் இடத்திலும் கட்டிப் பாருங்கள். எங்கள் மாடம் மரப்பலகை. பாடகர் குழு எழுந்து நின்றபோது படம் குலுங்கியது. அன்று பார்த்திருக்காவிட்டால் அங்கேதான் நிரந்தரமாகப் பொருத்தியிருப்போம். இப்போது அது சுவரில் இருக்கிறது.

சுவருக்குள் ஓடும் ஒயர்

கேமராவை ஐந்து வருடத்தில் மாற்றிவிடலாம். சுவருக்குள் போன ஒயரை மாற்றுவது கடினம். எச்.டி.எம்.ஐ. ஒயர் 10 மீட்டரைத் தாண்டினாலே நம்ப முடியாது. எஸ்.டி.ஐ. என்கிற ஒளிபரப்புத்தர ஒயர், தரமான கேபிள் என்றால் 100 மீட்டருக்கு நெருக்கமாகப் போகும். கேட்-6 நெட்வொர்க் ஒயர் 100 மீட்டர் வரை படத்தோடு மின்சாரத்தையும் கொண்டுபோகும். அதற்கு மேல் என்றால் ஃபைபர் என்கிற கண்ணாடி இழை.

பழைய ஆலயங்களில் சுண்ணாம்புப் பூச்சையும் கல்லையும் உடைக்காதீர்கள். கூரைக்கு உள்பக்கமாக, மர விளிம்பை ஒட்டி, சுவரின் நிறத்திலேயே பூசிய குழாயில் போகலாம். மின்சார ஒயரோடு ஒட்டிப் போனால் ஒலியில் உறுமல் வரும். ஓர் அடியாவது தள்ளிப் போகட்டும், குறுக்கே கடக்கும்போது செங்கோணத்தில் கடக்கட்டும். அணில், எலிக்குப் பயந்து இரும்புக் குழாய் போடலாம். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும் என்பதால் வெளிப்புறத்தில் மூடிய பெட்டிகள் அவசியம். இன்று தேவையில்லை என்றாலும் வெறுங்குழாய் இரண்டைக் கூடுதலாகப் பதித்து, உள்ளே ஓர் இழுகயிற்றையும் விட்டு வையுங்கள். ஒயரின் இரண்டு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். நமக்குப் பிறகு வரும் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் மரியாதை அது.

கோபுரத்துக்கும் கூடத்துக்கும் நடுவே, ஆலயத்துக்கும் தனிக் கட்டடமாக நிற்கும் பாரிஷ் ஹாலுக்கும் நடுவே ஃபைபர்தான் பாதுகாப்பு. மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. அவ்வளவு உயரம் இல்லாவிட்டாலும் பனங்காட்டுக்கு நடுவில் ஓங்கி நிற்கும் எந்தக் கோபுரமும் மின்னலை அழைக்கும். செம்பு ஒயர் வழியாக அந்த அதிர்ச்சி உள்ளே வரும். கண்ணாடி இழை வழியாக வராது. இடிதாங்கியும் நல்ல எர்த் குழியும் இல்லாமல் எந்தக் கருவியையும் பொருத்தாதீர்கள்.

மின்சாரமும் இணையமும்

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் சில விநாடி போய்விடும். கேமரா, ஸ்விட்சர், மிக்ஸர், ரூட்டர் நான்குக்கும் சேர்த்து ஆன்லைன் யூ.பி.எஸ். வேண்டும். ரூட்டரை மறப்பதுதான் வழக்கம்.

இணையத்தில் பதிவேற்ற வேகம்தான் முக்கியம். முழு எச்.டி. படத்துக்கு விநாடிக்கு 6 மெகாபிட் அனுப்புவதானால், குறைந்தது 12 மெகாபிட் வேகம் கையில் இருக்கட்டும். ஒன்றரை மணி நேர ஆராதனைக்கு ஏறக்குறைய 4 ஜி.பி. செலவாகும். ஃபைபர் இணைப்புக்குத் துணையாக வேறு நிறுவனத்தின் 4ஜி சிம் ஒன்றும் தயாராக இருக்கட்டும். இணையம் போனாலும் பதிவு போகாதபடி, உள்ளேயே ஒரு பிரதி எப்போதும் பதிவாக வேண்டும். புதிதாகத் தொடங்கும் யூடியூப் சேனலில் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். பண்டிகைக்கு முந்தின இரவில் தொடங்கி ஏமாறாதீர்கள்.

பெட்டிச் செய்தி: பணம் கொடுக்கும் முன் கமிட்டி கேட்க வேண்டியவை

1. பத்துப் பேருடைய செல்போனில், ஹெட்போன் இல்லாமல், பிரசங்கம் தெளிவாகக் கேட்டதா?
2. நேரலைக்குத் தனி ஒலிக் கலவை இருக்கிறதா? சபையின் பாட்டு அதில் வருகிறதா?
3. விற்பனையாளர் காட்டுவது நேரலைக் கேமராவா, கண்காணிப்புக் கேமராவா?
4. கேமரா வைக்கும் இடத்தை ஓர் ஆராதனை நேரத்தில் சோதித்தோமா?
5. ஒயர் போகும் வழியை வரைபடமாகத் தருவார்களா?
6. பண்டிகை நாளில் கருவி நின்றுபோனால் யார் வருவார், எத்தனை மணி நேரத்தில்?
7. இயக்கப்போகிறவர்களுக்கு எத்தனை நாள் பயிற்சி?
8. நன்கொடை எங்கிருந்து வருகிறது? வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பும் பணத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பொருந்தும். பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது.

ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கும் பிள்ளைகள்

இத்தனையும் வாங்கிய பிறகு அதை இயக்கப்போவது வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள். ஒலிக்கு ஒருவர், கேமராவுக்கு ஒருவர், ஸ்விட்சருக்கு ஒருவர். மூவருக்கும் ஆராதனை முறைமை மனப்பாடமாக இருக்க வேண்டும். வேதபாடம் வாசிப்பவர் எழும்போதே கேமரா வாசிப்பு மேடையில் காத்திருக்க வேண்டும். வாசிப்பு தொடங்கிய பிறகு ஓடிப்போய்த் தேடக் கூடாது. கேமரா நகரும்போது அந்தப் படம் வெளியே போகக் கூடாது. வேறு கேமராவைக் காட்டிக்கொண்டு, இதை நகர்த்தி நிறுத்திவிட்டு, பிறகு மாற்ற வேண்டும். சனிக்கிழமை மாலை குருவானவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து மறுநாள் ஒழுங்கை எழுதி வாங்கிக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும்.

ஒன்றை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரே பிள்ளையை ஐம்பத்திரண்டு ஞாயிறும் மாடத்தில் உட்கார வைக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் ஆராதிக்க வேண்டும் என்பதற்காக, ஆலயத்தில் இருக்கும் ஒருவன் ஆராதனையை இழந்துவிடக் கூடாது. எங்கள் சபையில் இப்போது மூன்று குழு. ஒரு குழுவுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். மாடத்தில் இருப்பவர்களுக்கும் திருவிருந்து போகிறது. அப்போது அகலக் காட்சி ஒன்றை நிலையாக வைத்துவிட்டு மூவரும் எழுந்து நிற்பார்கள்.

காட்டக் கூடாதவை

முழங்காலில் நின்று அழுகிறவரின் முகத்தைக் காட்டாதீர்கள். திருவிருந்து வாங்கும் கையையும் வாயையும் நெருங்கிப் போகாதீர்கள். அந்த நேரத்துக்குச் சிலுவையோ மேல்சன்னலோ போதும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழந்தைகளின் முகத்தை உலகத்துக்கு அனுப்பாதீர்கள். நோயாளிகளுக்காக ஜெபிக்கும்போது பெயரும் நோயும் ஒலியோடு வெளியே போகும் என்பதை நினையுங்கள். அந்தச் சில நிமிடம் ஒலியை நிறுத்தலாம். கேமராவில் விழ விரும்பாதவர்களுக்கு எந்த வரிசை பாதுகாப்பானது என்று வாசலில் ஒரு பலகை எழுதி வையுங்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் ஓர் அரசிக்குக் கொடுத்த மறைவை, நம் சபையில் துக்கத்தோடு வந்திருக்கும் ஒரு விதவைக்கும் கொடுக்கலாம்.

நேரலை வந்துவிட்டது என்பதற்காகப் படுத்திருப்பவர்களின் வீட்டுக்குப் போகும் நடை குறைந்தால் அது பெரும் இழப்பு. யார் யார் வீட்டில் இருந்து பார்க்கிறார்கள் என்ற பட்டியல் குருவானவரின் கையில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை திருவிருந்து அந்த வாசல்களுக்கு நடந்து போக வேண்டும்.

மறுபடி அந்தக் கட்டில்

இரண்டாம் ஏற்பாடு முடிய எட்டு மாதம் ஆயிற்று. முதலில் ஒலி, பிறகு விளக்கு, கடைசியாகத்தான் கேமரா. கேமராவுக்குப் பணம் சேரும் வரை பழைய ஒன்றை வைத்தே ஓட்டினோம். யாரும் குறை சொல்லவில்லை.

சபைக்கு மேலே இரண்டு மைக் தொங்கவிட்ட ஞாயிறு, பெரியம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். செல்போன் அதே செம்பில் சாய்ந்திருந்தது. அவர் பார்வை திரையில் இல்லை. கூரை ஓட்டைப் பார்த்தபடி படுத்திருந்தார். முதல் பாட்டு தொடங்கியது. சபை முழுவதும் பாடியது. பின்வரிசையில் யாரோ ஒருவர் எப்போதும்போல அரைத்தாளம் பிந்தி இழுத்துப் பாடினார். பெரியம்மாவின் உதடும் கூடவே அசைந்தது. பாட்டு முடிந்தது. பெஞ்சுகள் முனகும் சத்தமும் சேலைகள் உரசும் சத்தமும் செல்போனில் மெல்லக் கேட்டன.

பெரியம்மா கையைக் கூப்பிக்கொண்டார்.

"எல்லாரும் உக்காந்துட்டாவ" என்றார்.